எளியவர் கையில் எஃகுக் கிதார்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில், பாறசாலையை அடுத்து கொல்லயில் என்று ஓர் ஊர் உண்டு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. களியக்காவிளையில் விழுந்த எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததே ஒழிய, அங்குள்ள மக்களின் செவியைப் பிரிக்கவில்லை. கோயில் உற்சவத்து நாகசுரத்தையும், தேவாலயத்துக் கீர்த்தனைகளையும், இரு மொழிச் சினிமாப் பாட்டுகளையும் ஒரே நாளில் கேட்டு வளர்கிறவர்கள் அவர்கள்.

அவ்வூர் வாலிபர் ஒருவர் அண்மையில் என்னிடம் யோசனை கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவோடு சாதாரணக் கிதார் வாசிப்பவர். மற்ற நாட்களில் ரப்பர் பால் வெட்டுபவர். பெடல் ஸ்டீல் கிதார் என்னும் அமெரிக்க வாத்தியத்தின் ஒலியைக் கைப்பேசியில் கேட்டு மனத்தைப் பறிகொடுத்துவிட்டார். "ஓராண்டாகச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்திருக்கிறேன். முதன்முதலில் கற்கிறவன் குறைந்த விலையில் எதை வாங்கலாம், ஐயா?" என்பது அவர் கேள்வி.

கேள்வி சிறியது, ஆனால் அதன் பின்னே ஓராண்டு உழைப்பு இருக்கிறது. என் இளமையில் மலிவு என்று எண்ணி நானும் ஒரு வயலின் வாங்கினேன். அதன் பிருடைகள் ஒரு கீர்த்தனம் முடியும் வரையில்கூட நிற்கமாட்டா. சுருதி சேர்ப்பதிலேயே பொழுது போயிற்று. ஆறு மாதத்தில் வயலின் பரண் ஏறிற்று. வாத்தியம் பிழையா, என் காது பிழையா என்று அறியாமலே வித்தையைக் கைவிட்டேன். ஏழை மாணவன் தவறான வாத்தியத்தை வாங்கினால் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை. ஆகவே விலைப் பட்டியலைப் பார்க்குமுன் இந்த வாத்தியத்தின் சரித்திரத்தைப் பார்ப்போம் என்று அவரிடம் சொன்னேன். பெடல் எதற்காக வந்தது என்று தெரிந்துவிட்டால், அது நமக்கு வேண்டுமா, வேண்டாமா என்பதும் தெரிந்துவிடும்.

கதை தொடங்குவது பசிபிக் மாகடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளில். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிதார் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. 1874-ஆம் ஆண்டு பிறந்த ஜோசப் கெக்குக்கு என்ற பள்ளிச் சிறுவன், 1885-ஆம் ஆண்டு வாக்கில், தந்திகளை விரலால் அழுத்துவதற்குப் பதிலாக அவற்றின்மீது இரும்புத் துண்டு ஒன்றை நழுவ விட்டு வாசிக்கக் கண்டுகொண்டான் என்பர். அதற்கு அவன் கத்தியையும் சீப்பையும்கூடப் பரீட்சித்துப் பார்த்தானாம். கப்பலில் வந்து சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்ற இந்தியர் ஒருவரே இம்முறையை அங்கே முதலில் காட்டினார் என்று கூறுவாரும் உண்டு. யார் முதல்வர் என்ற வழக்கு எப்படியாயினும், தொடக்கத்தில் இதற்கெனத் தனி வாத்தியம் கிடையாது என்பது உறுதி. கைக்குக் கிடைத்த கிதாரும் கைக்குக் கிடைத்த இரும்புமே போதுமாயிருந்தன.

கெக்குக்கு 1904-ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்றார். 1915-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் நடந்த பெரும் பொருட்காட்சியில் ஹவாய் இசை மக்களைக் கவர்ந்தது. நழுவும் கிதார் எங்கும் பரவிற்று. மண்டபங்கள் பெரிதாயின, ஒலி போதவில்லை. 1920-களின் பிற்பகுதியில் உலோகத் தகட்டுக் கூம்புகளை உள்ளே பொருத்திய கிதார்கள் வந்தன. 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம் என்பவரின் முயற்சியால் மின்சாரக் கிதார் பிறந்தது. ரிக்கன்பாக்கர் பெயரால் விற்பனைக்கு வந்த அந்த முதல் மின்சாரக் கிதார், மடியில் கிடத்தி எஃகுத் துண்டால் வாசிக்கும் இனத்தையே சேர்ந்தது. அதன் உருவத்தைப் பார்த்து மக்கள் "வறுவல் சட்டி" என்று செல்லப் பெயர் இட்டார்கள்.

இனி, பெடல் வந்த காரணத்தைக் காண்போம். மேனாட்டுச் சங்கீதத்தில் ஒரே சமயத்தில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும். எஃகு உருளையோ நேரானது. தந்திகளை ச-க-ப என்று சேர்த்து வைத்தால், உருளையை எங்கே வைத்தாலும் அதே ச-க-ப என்னும் உறவுதான் கிடைக்கும். வேறு கூட்டொலி வேண்டுமானால் வேறு சுருதி சேர்த்த மற்றொரு கிதார் வேண்டும். இதற்காக ஒரே பலகையில் இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகளைக்கூட வைத்துப் பார்த்தார்கள். பளுவும் விலையும் ஏறினவே தவிரக் குறை முற்றிலும் தீரவில்லை.

அப்போதுதான் கால் கைக்கு உதவிக்கு வந்தது. 1940-ஆம் ஆண்டை ஒட்டி கிப்சன் கம்பெனி "எலெக்ட்ராஹார்ப்" என்ற பெடல் வாத்தியத்தை வெளியிட்டது. தையல் மிஷினைப் போலக் கால்கள் மேல் நிற்கும் பலகை, அடியில் பெடல்கள். ஒரு பெடலை மிதித்தால் குறித்த தந்திகள் மட்டும் இறுகிச் சுரம் உயரும். இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து, ஒரு தந்தி நிற்க மற்றொரு தந்தி வளைந்து ஏறும் அழகை 1954-ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டியவர் பட் ஐசக்ஸ். வெப் பியர்ஸ் பாடிய "ஸ்லோலி" என்ற பாட்டில் அவர் வாசித்ததைக் கேட்டபின், நாஷ்வில் நகரத்து வித்துவான்கள் தங்கள் வாத்தியங்களுக்கும் பெடல் பூட்ட விரைந்தார்கள். பட்டி எமன்ஸ், ஜிம்மி டே போன்றோர் அதைச் செப்பம் செய்தனர். முழங்காலால் தள்ளும் நெம்புகளும் பின்னர்ச் சேர்ந்தன.

இந்த இயந்திரத்தின் உயிர்நிலையை நம் சுரங்களாலேயே சொல்லிவிடலாம். இன்று மிகுதியாக வழங்கும் பத்துத் தந்தி முறையில் ச-க-ப அடிப்படைக் கூட்டொலி. ஒரு பெடல் பஞ்சமத்தைச் சதுச்ருதி தைவதத்துக்கு ஏற்றும். அடுத்த பெடல் அந்தர காந்தாரத்தைச் சுத்த மத்தியமத்துக்கு ஏற்றும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் ச-க-ப என்பது ச-ம-த ஆகிவிடுகிறது. ஷட்ஜம் அசையாமல் நிற்க, மற்ற இரண்டும் வழுக்கி ஏறி வேறொரு கூட்டொலியில் அமர்கின்றன. அந்த வாலிபர் மனத்தைப் பறிகொடுத்தது இந்த வித்தைக்குத்தான்.

நம் நாட்டின் பக்கம் திரும்புவோம். டவ் மோ என்ற இசைவாணர் தம் குழுவோடு 1929-ஆம் ஆண்டில் இந்தியா வந்தார். பின்னர் உலகப் போர்க் காலத்தில் கல்கத்தாவில் தங்கியிருந்தார். அவரைப் போன்றோரால் ஹவாய்க் கிதார் அந்நகரில் வேரூன்றிற்று. வங்காளத்து இல்லங்களில் ரவீந்திர சங்கீதத்தை அதில் வாசிப்பது வழக்கமாயிற்று. பிரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி ராகங்களுக்கு உரிய வாத்தியமாக்கினார். சிவகுமார் சர்மாவும் ஹரிபிரசாத் சௌராசியாவும் அவரோடு சேர்ந்து வாசித்த "கால் ஆஃப் தி வேலி" என்ற இசைத்தட்டு 1967-ஆம் ஆண்டில் வெளிவந்தது. விஸ்வ மோகன் பட் தாம் திருத்தி அமைத்த கிதாருக்கு மோகன வீணை என்று பெயரிட்டார். அமெரிக்கரான ரை கூடருடன் வாசித்த இசைத்தட்டுக்காக 1994-ஆம் ஆண்டில் கிராமி விருது பெற்றார். இவர்களில் ஒருவருக்கும் பெடல் தேவைப்படவில்லை என்பது கவனிக்கத் தக்கது.

தென்னாட்டிலோ நழுவும் சுரம் புதிதே அன்று. திருவிடைமருதூர் சகாராம ராவ் கோட்டு வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர். மெட்டுகள் இல்லாத வீணையின்மேல் கருங்காலி உருளையை நழுவ விடும் வாத்தியம் அது. மைசூர் சமஸ்தான வித்துவானாக விளங்கிய நாராயண ஐயங்கார் அதனைப் பெரும் புகழுக்கு உயர்த்தினார். சகாராம ராவிடம் இளமையில் இசை பயின்றவர்களுள் ஒருவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். திருவனந்தபுரத்தில் 1939-ஆம் ஆண்டு தோன்றிய சுவாதித் திருநாள் சங்கீதக் கலாசாலைக்கு, முத்தையா பாகவதருக்குப் பின் தலைவராக இருந்தவர் அவர். ஆகவே கோட்டு வாத்தியத்தின் பரம்பரை கொல்லயிலுக்கு வெகு தொலைவில் இல்லை. ஒரு மணி நேரப் பஸ் பயணத்துக்குள் அடங்கிய நகரில் அதன் சாயை படிந்திருக்கிறது.

வானொலியின் சரித்திரமும் இங்கே ஒரு பாடம் சொல்கிறது. 1940-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது. 1971-ஆம் ஆண்டில்தான் அத்தடை தளர்ந்தது. ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு இழைந்து செல்லும் கமகம் அந்தக் கட்டைகளில் எழாது என்பது அன்று கூறப்பட்ட முக்கியமான காரணங்களுள் ஒன்று. நழுவும் கிதாருக்கு அந்தக் குறை இல்லை. இழைவதே அதன் இயல்பு.

இப்போது வாலிபரின் கேள்விக்கு விடை எளிதாகிறது. பெடல் பிறந்தது கூட்டொலிக்காக. ராகத்தை ஒற்றை இழையாக வாசிக்க விரும்புகிறவருக்குப் பெடல் வேண்டுவதில்லை, உருளை போதும். தேவாலயப் பாட்டின் நான்கு குரல் இசையையும் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டையும் விரும்புகிறவருக்கே அது வேண்டும். இந்த வாலிபர் இரண்டையும் விரும்புகிறார். அப்படியானால் முதலில் உருளையைக் கற்கட்டும். பெடல் பிறகு வரட்டும்.

உருளையைக் கற்க உயர்ந்த கிதார் வேண்டாம். கழுத்து சற்று வளைந்து, தந்திகள் மெட்டுகளினின்று எழும்பிவிட்ட பழைய கிதாரை விரலால் அழுத்தி வாசிப்போர் ஒதுக்கிவிடுவார்கள். நழுவ விட்டு வாசிப்பவருக்கோ தந்தி எழும்பியிருப்பதே வேண்டும். தலைப்பக்கத்தில் தந்திகளை உயர்த்தும் சிறு உலோகத் துண்டு ஒன்று வைத்தால் அதுவே ஹவாய்க் கிதார் ஆகும். ஆனால் எஃகுத் தந்திக்கென்றே செய்த கிதாராக இருக்க வேண்டும்; நைலான் தந்திக் கிதார் எஃகின் இழுப்பைத் தாங்காது. குதிரை பெயர்ந்திருக்கிறதா, பலகை வெடித்திருக்கிறதா, சாவிகள் சுருதியைப் பிடித்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தந்திகளை ச-ப-ச-க-ப-ச என்று சேர்க்கலாம். வழக்கமான சுருதியிலிருந்து இதற்கு நான்கு தந்திகளைத் தளர்த்தினால் போதும். ஒன்றையும் இறுக்க வேண்டாம். பழைய மரத்துக்கு இது பாதுகாப்பு.

உருளை மட்டும் நல்லதாக, கனமுள்ள வழவழப்பான எஃகாக இருக்கட்டும். அதை மெட்டின் பின்னே வைக்கலாகாது. மெட்டுக்கு நேர் மேலே வைத்தால்தான் சுரம் சுத்தமாக இருக்கும். இடக்கையின் மற்ற விரல்கள் உருளைக்குப் பின்னே தந்திகளை மெல்லத் தடவி அனாவசிய இரைச்சலை அடக்க வேண்டும். இங்கே பெறும் கைப்பழக்கமும் காதும் நாளை பெடல் வாத்தியத்துக்கு அப்படியே செல்லும்.

பின்னர்ப் பெடல் வாத்தியம் வாங்கும் காலத்தில் ஒற்றைக் கழுத்து, பத்துத் தந்தி, மூன்று பெடல், நான்கு முழங்கால் நெம்பு உள்ளதைத் தேடுவது நல்லது. மாணவர்க்கென்று மூன்று பெடலும் ஒரே நெம்பும் வைத்துச் செய்த மலிவு வகைகள் உண்டு. பாடம் வளர்ந்ததும் அவை போதாமல் போய், இரண்டாம் முறை பணம் செலவழிக்க நேரும். பழைய வாத்தியமானால், ஒவ்வொரு பெடலையும் இருபது தடவை மிதித்து விட்டுப் பார்க்க வேண்டும். தந்தி ஒவ்வொரு தடவையும் பழைய சுருதிக்கே திரும்ப வேண்டும். திரும்பாத வாத்தியம் எவ்வளவு மலிவானாலும் விலை அதிகமானதே. ஒலிபெருக்கி, ஒலியளவுப் பெடல், விரல் நகங்கள், கடல் கடந்து வரும் கூலி, சுங்கவரி ஆகியவற்றையும் கணக்கில் எழுத வேண்டும். பழுது பார்ப்பவர் அருகில் இல்லாத ஊரில், தானே திருகாணி திருப்பிச் சரிசெய்யக் கற்பதும் அந்தக் கணக்கைச் சேர்ந்ததுதான்.

இதையெல்லாம் கேட்ட வாலிபர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தேவாலயத்து அலமாரியின் பின்னால் தந்தி எழும்பிய பழைய கிதார் ஒன்று தூசி படிந்து கிடப்பதாகச் சொன்னார். அதன் குதிரையைப் பார்த்துவிட்டு வரும்படி அனுப்பினேன். சேர்த்த பணம் இப்போதைக்கு அவரிடமே இருக்கட்டும். ஒரு பள்ளிச் சிறுவன் கையில் கிடைத்த இரும்போடு தொடங்கிய வித்தை இது. அதை அவ்வாறே தொடங்குவதில் கொல்லயில் வாலிபருக்கு யாதொரு குறைவும் இல்லை.