அகத்திக்கரியும் மாலுமியின் நங்கூரமும்

மீன்சுருட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் எழுபது வயதைத் தாண்டிய பெண்களின் முன்கையைப் பாருங்கள். புள்ளிக்கோலமோ, தேளோ, பிறந்த வீட்டார் பெயரோ பச்சையாகப் பதிந்திருக்கும். ஆயுள் முழுக்க வெயிலில் நாற்று நட்டுக் களை பறித்த கைகள். தோல் சுருங்கிவிட்டது, கோலம் கலையவில்லை.

அந்தக் கோலத்தின் பிறப்பிடம் விளக்குத் திரி. பச்சை குத்த ஊர் ஊராக வந்த குறவர் பெண்கள், மஞ்சள்தூளையும் அகத்திக்கீரையையும் சேர்த்துக் கசக்கி, மெல்லிய துணியில் பரப்பித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெயில் எரித்தார்கள். மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படிந்த கரியை வழித்து, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை. மூன்று நான்கு தையல் ஊசிகளைச் சேர்த்துக் கட்டினால் கருவி. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தச் செய்முறையை எழுதிவைத்தார்.

தோலுக்குள் போன கரியை உடம்பின் காவல் செல்கள் விழுங்கிக்கொள்கின்றன. ஒரு செல் இறந்தால் அது விட்ட கரியை அடுத்தது விழுங்கும். 2018இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைக் கண்டார்கள். ஆனாலும் ஆண்டுகள் போகப் போக மை கொஞ்சம் பரவத்தான் செய்யும். மெல்லிய கோடுகள் நெருங்கி இருந்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். தடித்த கோடும் தாராள இடைவெளியும் இருந்தால் உருவம் தப்பும். நம் கோலத்தில் இரண்டும் உண்டு.

கடலுக்கு அப்பாலும் தடித்த கோட்டின் கதைதான். காகிதத்தில் துளையிட்டுப் படியெடுக்க எடிசன் 1876இல் காப்புரிமை பெற்ற மின்பேனாவின் வழியில், 1891இல் நியூயார்க்கின் சாமுவேல் ஓ’ரைலி தோலில் குத்தும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். வாடிக்கையாளர்கள் மாலுமிகள், சிப்பாய்கள். கப்பல் கிளம்புமுன் வேலை முடிய வேண்டும். அதற்கேற்ற பாணி அமைந்தது: தடித்த கறுப்புக் கோடு, அடர்ந்த நிழல், சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சில நிறங்கள். நங்கூரம், தகைவிலான் குருவி, ரோஜா, அம்மாவுக்கென்று ஓர் இதயம். ஹொனலுலுவில் ‘செய்லர் ஜெர்ரி’ நார்மன் காலின்ஸ் (1911–1973) ஜப்பானியக் கலைஞர்களோடு கடிதத் தொடர்பு வைத்து அந்தப் பாணியை இன்னும் செழுமையாக்கினார்.

எந்திரம் நம் திருவிழாக்களுக்கும் வந்தது. பேட்டரியும் படப்பலகையுமாக உட்கார்ந்தவர்கள் பெயர்களையும் சாமி உருவங்களையும் குத்தினார்கள். 1970களில் எம்.ஜி.ஆர். தம் கட்சியினரைக் கொடியைப் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னபோது, அரசியலும் கையில் ஏறியது. இன்று நங்கூரமும் ரோஜாவும் தமிழ்நாட்டு டாட்டூ ஸ்டுடியோக்களில் கிடைக்கின்றன.

அமெரிக்க உருவங்கள் இவ்வளவு தூரம் வந்ததற்குத் தடித்த கோடு மட்டும் காரணம் இல்லை. லூ ஆல்பர்ட்ஸ் போன்ற பச்சை குத்தும் கலைஞர்கள் அவற்றைத் தாளில் வரைந்து மற்ற கடைகளுக்கு விற்றார்கள். அப்படிப்பட்ட தாள்களில் சில இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நம் கோலங்களோ பெரும்பாலும் குத்தியவர்களின் நினைவிலும் குத்திக்கொண்டவர்களின் கையிலும் மட்டுமே இருந்தன. கலை நயத்தில் நங்கூரத்துக்கு அவை எந்த வகையிலும் குறைந்தவை அல்ல என்பது என் உறுதியான எண்ணம். அவற்றுக்கு ஒரு தாள் கிடைக்கவில்லை, அவ்வளவே.

உங்கள் அப்பாயியோ அம்மாயியோ இருந்தால், அவர் கைக்கோலத்தை ஒரு தாளில் அப்படியே வரையுங்கள். அதை அவர் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார், எந்த ஊரில், எந்த வயதில் குத்திக்கொண்டார் என்று கேட்டுப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.