பழுதடைந்த கழிவுநீர்க் குழாய்: உள்ளுறையும் தோண்டி மாற்றலும்

நிலத்தடிக் கழிவுநீர்க் குழாயில் விரிசல் விழுந்தாலோ, இணைப்பு விலகினாலோ, மர வேர் புகுந்தாலோ அதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பள்ளம் தோண்டிப் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியதைப் பதிப்பது. மற்றது, பழைய குழாயை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, அதன் உட்சுவரை ஒட்டிப் பிசின் ஊறிய துணியால் இன்னொரு குழாயை உருவாக்குவது. இந்த இரண்டாவது முறை உள்ளுறையிடல். தொழிலில் இருப்பவர்கள் ‘ரீலைனிங்’ என்றோ ‘லைனர் போடுவது’ என்றோ சொல்வார்கள். தோண்டாமல் வேலை முடிகிறது என்பதால் உள்ளுறையே எப்போதும் மேல் என்று விற்பவர்கள் சொல்வது வழக்கம். அதை அப்படியே ஏற்க முடியாது. முதலில் பார்க்க வேண்டியது, கெட்டது குழாயின் சுவரா, குழாயின் வாட்டமா (சரிவா) என்பதுதான். சுவர் கெட்டிருந்தால் உள்ளுறை பெரும்பாலும் போதும். வாட்டம் கெட்டிருந்தால் மண்ணைத் தோண்டியே ஆகவேண்டும்.

குழாய் கெடும் விதம்

உள்ளுறை முறை பிறந்த லண்டன் நகரமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே பழைய வீடுகளின் கழிவுநீர்க் குழாய்கள் பெரும்பாலும் சுட்ட களிமண்ணால் ஆனவை. அரை மீட்டரைச் சற்றுத் தாண்டும் சிறு சிறு துண்டுகளாக வந்த அவற்றைச் சிமெண்டுக் காரை பூசி இணைத்தார்கள். அதாவது ஒவ்வோர் எட்டுக்கும் ஓர் இணைப்பு. களிமண் குழாய் நூறாண்டு தாங்கும், காரை தாங்காது. லண்டனின் அடிமண்ணோ கோடையில் சுருங்கி மழைக்காலத்தில் உப்பும் களி. மண் அசையும்போது வளையத் தெரியாத காரை இணைப்பு பிளக்கிறது. அந்தப் பிளவில் கசியும் ஈரத்தைத் தேடித் தெருவோர மரங்களின் மயிர்வேர்கள் உள்ளே நுழைகின்றன. நுழைந்த வேர் பருத்துப் பிளவை அகட்டுகிறது. காகிதமும் கொழுப்பும் அதில் சிக்கி அடைப்பாகின்றன. வளைந்துகொடுக்கும் ரப்பர் இணைப்புகள் 1960-களில்தான் பரவலாயின. அதற்கு முந்தைய தெருக்கள் எல்லாம் இந்தக் கதைக்குள் வருபவை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த தார்நார்க் குழாய்களின் கேடு இன்னொரு வகை. மரநாரைத் தாரில் ஊறவைத்துச் செய்த இவை இலேசானவை, மலிவானவை. பிரிட்டனில் 1950-கள் முதல் 1970-கள் வரை ஏராளமாகப் புதைக்கப்பட்டன. அமெரிக்காவில் இவற்றுக்கு ஆரஞ்சுபர்க் குழாய் என்று பெயர். காலப்போக்கில் இவற்றின் உட்சுவர் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புகிறது. மேல்மண்ணின் பாரத்தில் வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகிறது.

தோற்றம்

பிரிட்டிஷ் பொறியாளர் எரிக் உட் 1971-ல் கிழக்கு லண்டனின் ஹாக்னி பகுதியில், மார்ஷ் லேன் என்ற இடத்தில் இம்முறையை முதன்முதலாகச் செய்துகாட்டினார். அவர் உள்ளுறையிட்டது வீட்டுக் குழாய்க்கு அல்ல, ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரமும் 0.6 மீட்டர் அகலமும் கொண்ட முட்டை வடிவச் செங்கல் சாக்கடை ஒன்றின் 70 மீட்டர் நீளத்துக்கு. இதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் இன்சிட்டுஃபார்ம். 1977-ல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 1994-ல் அது காலாவதியானதும் பல நிறுவனங்கள் போட்டிக்கு வந்தன. இன்று தனி வீட்டுக் குழாய்க்கும் லைனர் போட ஆள் கிடைப்பதற்கு அந்தப் போட்டியும் ஒரு காரணம்.

செய்முறை

முதல் வேலை துப்புரவு. உயரழுத்த நீரைப் பாய்ச்சி வண்டலையும் வேரையும் நீக்கியபின் கேமராவை உள்ளே ஓட்டி, எத்தனை மீட்டரில் என்ன பழுது, எங்கெங்கே பக்கக் குழாய்கள் வந்து சேர்கின்றன என்று குறித்துக்கொள்கிறார்கள். இந்தக் குறிப்பில் தவறினால் பின்னால் பெரும் தொல்லை. லைனர் போட்டதும் பக்கக் குழாய்களின் வாய்கள் எல்லாம் மூடிக்கொள்ளும். அவற்றை மறுபடி கண்டுபிடித்துத் திறக்க வேண்டும்.

லைனர் என்பது தையலற்ற அல்லது தைத்து ஒட்டிய ஒரு நீண்ட துணிக்குழல். பெரும்பாலும் பாலியெஸ்டர் நாரை அழுத்திச் செய்த கம்பளி போன்ற துணி, சிலவற்றில் கண்ணாடியிழை. அதன் ஒரு முகத்தில் நீர் புகாத பிளாஸ்டிக் படலம் இருக்கும். குழலுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு பாலியெஸ்டர், வினைல் எஸ்டர், எபாக்சி ஆகிய பிசின்களில் ஒன்றைச் செலுத்தி, உருளைகளுக்கிடையே விட்டுச் சீராகப் பரப்புகிறார்கள். ஊறிய துணி வெப்பம் பட்டால் வழியிலேயே இறுகத் தொடங்கிவிடும். அதனால் பெரிய லைனர்களைக் குளிரூட்டிய லாரியிலோ பனிக்கட்டிக்கு நடுவிலோதான் கொண்டுவருகிறார்கள்.

உள்ளே செலுத்துவதில் இரண்டு வகை உண்டு. கயிறு கட்டி இழுத்து, பிறகு காற்றடைத்து உப்பவைப்பது ஒன்று. மற்றது புரட்டிச் செலுத்துவது. குழலின் வாயைக் குழாய் முனையில் இறுகப் பொருத்தி, நீரின் அல்லது காற்றின் அழுத்தத்தால் தலையணை உறையைத் திருப்பிப்போடுவதுபோல உள்முகம் வெளியே வரும்படி தள்ளுகிறார்கள். இதில் குழல் சுவரோடு உராய்ந்து நகர்வதில்லை. முன்னேறும் முனையில் மட்டும் புதிது புதிதாக விரிந்து சுவரில் படிகிறது. பிசின் முகம் பழைய குழாயைப் பார்த்தும் வழவழப்பான படலம் நீரோட்டத்தைப் பார்த்தும் அமைகின்றன. நீளமான குழாய்க்கு இதுவே ஏற்றது.

பிறகு பிசினை இறுகவைக்க வேண்டும். வெந்நீர், நீராவி, புற ஊதா விளக்கு இவற்றில் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். சிறிய வீட்டுக் குழாய்களில் சில மணி நேரம் சும்மா விட்டாலே இறுகும் பிசின்களும் உண்டு. இறுதியாகச் சக்கரம் வைத்த ஒரு சிறு ரோபோ உள்ளே போய், பக்கக் குழாய்களை மூடியிருக்கும் இடங்களைத் துளைத்துத் திறக்கிறது. காலையில் தொடங்கிய வீட்டு வேலை மாலைக்குள் முடிந்துவிடும். பூந்தோட்டமும் சிமெண்டுத் தரையும் அப்படியே இருக்கும்.

பழுது ஓரிடத்தில் மட்டும் என்றால் குழாய் முழுதும் லைனர் போடத் தேவையில்லை. பிசின் தோய்த்த கண்ணாடியிழைத் துண்டை ஊதற்பையில் சுற்றி அந்த இடத்துக்கு அனுப்பி, அழுத்தி ஒட்டிவிடலாம்.

குழாயின் அளவு குறையாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. 100 மில்லிமீட்டர் குழாய்க்குள் 3 மில்லிமீட்டர் கனத்தில் லைனர் போட்டால் உள்விட்டம் 94 ஆகிறது. குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 12 சதவீதம் சுருங்குகிறது. ஆனால் நீரோட்டத்தை அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. சுவரின் சொரசொரப்பும் தீர்மானிக்கிறது. நீரியல் பொறியாளர்கள் கையாளும் மேனிங் சமன்பாட்டில் பழைய களிமண் குழாயின் சொரசொரப்பை 0.013 என்றும் லைனருடையதை 0.010 என்றும் வைத்துக்கொண்டால், கொள்திறன் குறைவதற்கு மாறாக ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. பழைய குழாயே ஓரளவு வழவழப்பாக, 0.012 என்ற அளவில் இருந்திருந்தால் பெரிய ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை. இரண்டாம் முறையாக லைனருக்குள் லைனர் போட்டால்தான் கணக்கு தலைகீழாகும். அப்போது கூடுதல் வழவழப்பு கிடைக்காது. விட்டம் மட்டும் மறுபடி குறையும்.

உள்ளுறையால் ஆகாதவை

லைனர் பழைய குழாயின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். இதுதான் அதன் பலம், இதுவே அதன் எல்லை. இங்கிலாந்தின் கட்டட விதிகளின் வழிகாட்டுதல்படி, கழிப்பறை இணைந்த 100 மில்லிமீட்டர் குழாய்க்குக் குறைந்தது 80-க்கு 1 என்ற வாட்டம் வேண்டும். அடிமண் இறங்கி, குழாய் நடுவில் தொய்ந்து, அங்கே நீர் தேங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் லைனர் போட்டால் விரிசல் இல்லாத, கசியாத, பளபளப்பான ஒரு தொய்வு கிடைக்கும். அடைப்பு முன்போலவே வரும். எதிர்வாட்டத்துக்கும் இதே கதிதான். வீட்டுக்காரர் பணத்தையும் கொடுத்துவிட்டு அடைப்பெடுக்கிறவரையும் மறுபடி கூப்பிடும் நிலை பெரும்பாலும் இங்கேதான் உண்டாகிறது. எனவே கேமராப் படத்தில் விரிசலைத் தேடுவதைவிட நீர்மட்டத்தைக் கவனிப்பது முக்கியம். கேமரா ஓரிடத்தில் நீருக்குள் மூழ்கிச் சிறிது தூரம் கழித்து வெளியே வந்தால் அது தொய்வு. கீழ்ப்புறம் அடைப்பு இருந்தாலும் இப்படியே தெரியும் என்பதால், அடைப்பை நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

இடிந்து விழுந்த குழாயில் லைனர் நுழையவே வழியிருக்காது. இணைப்பு பாதி விட்டத்துக்கு விலகியிருந்தால், அந்தப் படிக்கட்டில் லைனரும் மடிந்து படிக்கட்டாகும். நசுங்கிய தார்நார்க் குழாயை ஒரு கருவியால் விரித்து, வட்டத்தை ஓரளவு மீட்டபிறகே லைனர் போட முடியும். மேலும், லைனரில் சுருக்கம் விழுந்தோ பாதியில் இறுகியோ வேலை கெட்டுவிட்டால், அதை உரித்தெடுப்பது பழைய பழுதைச் சரிசெய்வதைவிடக் கடினம். ரோபோவால் அரைத்தெடுக்க வேண்டும், இல்லையேல் தோண்ட வேண்டும்.

தோண்டி மாற்றல்

தோண்டுவது அறிவற்ற வேலை என்று ஒரு எண்ணம் இருக்கிறது, அது நியாயமில்லை. ஆழமில்லாத, மேலே புல்தரை மட்டுமே உள்ள குழாய்க்குத் தோண்டுவதே மலிவு, நிச்சயம். வாட்டத்தைத் திருத்தலாம், விட்டத்தைக் கூட்டலாம், பாதையையே மாற்றலாம். சரளைப் படுகையில் புதுக் குழாயைக் கிடத்தி, ஒவ்வோர் இணைப்பையும் கண்ணால் பார்த்துப் பொருத்தலாம். சுற்றியுள்ள மண்ணின் நிலையும் தெரியவரும். கசிவால் அடிமண் அரித்துப் பொந்து விழுந்திருந்தால் அதை நிரப்பவும் வாய்ப்பு கிடைக்கிறது. உள்ளிருந்து செய்யும் எந்த வேலைக்கும் அந்த வாய்ப்பு அரிது.

ஆழம் கூடும்போது நிலைமை மாறுகிறது. ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ 1.5 டன் எடை. முட்டுக்கொடுக்காத பள்ளத்தின் பக்கச் சுவர் சரிந்தால், இடுப்பளவு புதைந்த ஆளைக்கூட எளிதில் இழுத்தெடுக்க முடியாது. முட்டுப் பலகை, தோண்டிய மண்ணை அகற்றல், மின்கம்பி, எரிவாயுக் குழாய் ஆகியவற்றைத் தவிர்த்துத் தோண்டல், மேல்தளத்தை மீட்டமைத்தல் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். குழாயின் விலை அதில் சிறு பகுதிதான். கட்டடத்துக்கு அடியிலும் போக்குவரத்துச் சாலைக்கு அடியிலும் உள்ளுறை முந்துவது இந்தக் காரணத்தால்.

பல வேலைகளில் இரண்டையும் சேர்த்தே செய்கிறார்கள். இடிந்த அல்லது தொய்ந்த இரண்டு மீட்டரை மட்டும் தோண்டி மாற்றிவிட்டு, மீதி நீளத்துக்கு லைனர் போடுவது. ஒரே முறையை மட்டும் கையில் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர் இந்த யோசனையைச் சொல்ல மாட்டார்.

நடுவழி ஒன்று உண்டு. கூம்பு வடிவ இரும்புத் தலையொன்றைப் பழைய குழாய்க்குள் இழுத்து, அதை உடைத்துச் சில்லுகளைச் சுற்றுமண்ணுக்குள் தள்ளியபடியே, பின்னால் புதிய பாலித்தீன் குழாயை இழுத்துவரும் குழாயுடைப்பு முறை அது. 1970-களின் இறுதியில் பிரிட்டனில் வார்ப்பிரும்பு எரிவாயுக் குழாய்களை மாற்றுவதற்காக உருவானது. இரு முனைகளில் மட்டும் குழி போதும், விட்டத்தையும் கூட்டலாம். ஆனால் இதுவும் பழைய பாதையிலேதான் போகும்.

நிலத்தடி நீரும் புகையும்

நகராட்சிகள் லைனர் போடுவதற்கு இன்னொரு நோக்கம், விரிசல் வழியே நிலத்தடி நீர் புகுந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சுமையேற்றுவதைத் தடுப்பது. இதில் எதிர்பார்த்த பலன் பலமுறை கிடைப்பதில்லை. பிசின் இறுகும்போது சற்றுச் சுருங்குவதால் லைனருக்கும் பழைய சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழுகிறது. நீர் அதன் வழியே ஓடி, பக்கக் குழாயின் திறப்பில் வந்து எட்டிப்பார்க்கிறது. முதன்மைக் குழாயை மட்டும் அடைத்தால் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, அடைக்காத வீட்டு இணைப்புகள் வழியே புகுவதும் உண்டு. இணைப்பு வாய்களுக்கும் தனியே தொப்பி போன்ற லைனர் போட்டு அடைத்தால்தான் வேலை முழுமையாகும்.

பாலியெஸ்டர், வினைல் எஸ்டர் பிசின்களில் பெரும்பாலும் ஸ்டைரீன் கலந்திருக்கும். இறுகும்போது அதன் கடும் நெடி குழாய்களின் வழியே வீடுகளுக்குள் ஏறக்கூடும், குறிப்பாகத் தரைச் சல்லடையில் வாயுவைத் தடுக்கத் தேங்கியிருக்கும் நீர் (நீரடைப்பு) வறண்டுபோன குளியலறைகளில். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், நீராவியால் இறுகவைக்கும் இடங்களில் எழும் வெண்புகை வெறும் நீராவி அல்ல, பல கரிம வேதிப்பொருள்களும் அதில் உள்ளன என்று காட்டினார்கள். அண்டை வீட்டார் நீரடைப்புகளில் தண்ணீர் ஊற்றிவைப்பது எளிய தற்காப்பு. ஸ்டைரீன் இல்லாத எபாக்சி இன்னொரு மாற்று, விலை கூடுதல்.

ஆயுள்

லைனர்கள் பொதுவாக 50 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கப்படுகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை டென்வர், கொலம்பஸ் நகரங்களின் பழைய லைனர்களிலிருந்து மாதிரி வெட்டியெடுத்து ஆராய்ந்து 2012-ல் வெளியிட்ட அறிக்கை, அவை நல்ல நிலையில் இருப்பதாகவே கண்டது. சரியாகப் பதித்த களிமண் குழாயும் பிளாஸ்டிக் குழாயும் இதைவிட நீண்ட காலம் இருக்கக்கூடியவை. ஆயினும் லைனரின் ஆயுளைப் பெரிதும் முடிவுசெய்வது, அதைப் போட்ட நாளில் பிசின் எவ்வளவு சீராகப் பரவி இறுகியது என்பதே.

பரவல்

தமிழர் வாழும் நகரங்களில் சிங்கப்பூர் இதை முறையாகக் கைக்கொண்டது. அங்குள்ள பொதுப் பயனீட்டுக் கழகம் 1990-களிலிருந்தே பழைய கழிவுநீர்க் குழாய்களைத் தோண்டாமல் புதுப்பித்துவருகிறது. இந்தியாவில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. உரிய பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் மனிதர் இறங்கித் துப்புரவு செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. உள்ளுறையிடலில் துப்புரவையும் ஆய்வையும் நீர்பீய்ச்சியும் கேமராவும் செய்துவிடுவதால், சிறு விட்டக் குழாய்களிலாவது ஆள் இறங்கும் தேவை எழுவதில்லை. வீட்டு அளவில் மண்ணுக்கு மேலேயும் ஆழம் குறைவாகவும் பிளாஸ்டிக் குழாய்கள் போகும் இடங்களில் கொத்தனாரையும் பிளம்பரையும் வைத்து மாற்றுவதே இன்றும் சுலபம்.

பொறுப்பு

எந்த முறை என்பதைப் பொறியியல் மட்டும் முடிவுசெய்வதில்லை; குழாய் யாருடையது என்பதும் முடிவுசெய்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 அக்டோபர் 1 முதல், பொதுச் சாக்கடையில் சேரும் குழாய்களில் பல வீடுகளுக்குப் பொதுவானவையும், வீட்டு எல்லைக்கு வெளியே செல்லும் தனிக் குழாய்களும் நீர் நிறுவனங்களின் பொறுப்புக்கு மாற்றப்பட்டன. அன்றுவரை தெருவைத் தோண்டும் செலவை வீட்டுக்காரர்களே பங்குபோட்டுக்கொண்டார்கள். இப்போது அந்தப் பகுதியில் லைனரா பள்ளமா என்பதை நிறுவனம் முடிவுசெய்கிறது. எல்லைக்குள், தன் வீட்டுக்கு மட்டுமே உரிய குழாய்க்கான செலவு வீட்டுக்காரருடையது. ஆகவே அங்கே ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுமுன், கேமராப் படத்தில் பழுது எத்தனையாவது மீட்டரில் இருக்கிறது என்பதை எல்லைக்கோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.