மூன்று நட்சத்திரமும் ஒரு நாடாவும்

"பெரிய ஐயாவே வந்து விசாரிச்சுட்டுப் போயிட்டாருங்க. தோள்ல மூணு ஸ்டாரு."

கீழப்பழுவூர் வட்டாரக் காலனிகளில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் இப்படி ஒரு பேச்சு நம் காதில் விழுகிறது. எந்த ஊர், எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. நாம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஸ்டாரோட சிவப்பும் நீலமுமா ஒரு நாடா இருந்துச்சா?" பெரும்பாலும் பதில் வராது. யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

மூன்று நட்சத்திரத்தோடு சிவப்பு நீல நாடா இருந்தால் வந்தவர் இன்ஸ்பெக்டர். நாடா இல்லாமல் மூன்று நட்சத்திரம் மட்டும் இருந்தால் டி.எஸ்.பி. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இன் 7ஆம் விதிப்படி, இந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும். இன்ஸ்பெக்டர் வழக்கைப் பதிவு செய்யலாம், புலனாய்வை அவரே முடிக்கக் கூடாது. அப்படி முடித்த ஒரு வழக்கில், வன்கொடுமைச் சட்டப் பிரிவுகளைப் பொறுத்தவரை அந்தப் புலனாய்வு செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவுகள் மட்டும் நின்றன. தோளில் இருக்கும் ஒரு விரல் அகல நாடாவைக் கவனிக்காமல் விட்டால், சாதியின் பெயரால் நடந்த குற்றம் வெறும் அடிதடி வழக்காகச் சுருங்கிவிடலாம்.

போலீஸ் சட்டையின் வரலாற்றை நாம் படிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

சீருடைக்கு முன்

பழுவூர் என்றதும் எல்லோருக்கும் பழுவேட்டரையர் நினைவு வரும். அவர்கள் வாழ்ந்த சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்றொரு வரி வருகிறது. ஊர்க் காவலுக்காகக் குடிகள் செலுத்தியது அது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் இருக்கின்றன. காவலுக்கு உரிய ஊர் எது, அதற்கு வெளியே நிற்கும் சேரி எது என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டிவிட்டார்கள்.

கம்பெனி ஆட்சியில், 1816ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் ஊர்த் தலைவரையும் தலையாரியையும் போலீஸ் வேலைக்குள் கொண்டுவந்தன. கலெக்டரே மாஜிஸ்திரேட் ஆனார். தாசில்தாரின் சேவகர்களே வரி வசூலித்தார்கள், அவர்களே திருடனையும் பிடித்தார்கள். இன்று நாம் பார்க்கும் சீருடை அன்று இல்லை. மார்பின் குறுக்கே ஒரு டவாலி, அதில் பித்தளை வில்லை, அவ்வளவுதான். 'வில்லைச் சேவகன்' என்ற பழைய சொல் அங்கிருந்து வந்தது. அந்த வரிசையின் கடைசிப் படியில் வெட்டியானாகவும், பல ஊர்களில் தலையாரியாகவும் நம் முன்னோர் நின்றார்கள். இரவெல்லாம் ஊரைச் சுற்றி வந்த அவர்கள் கையில் கம்பு இருந்தது, மார்பில் வில்லை இல்லை.

வில்லை போட்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதை 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை ஆணையம் பதிவு செய்தது. விரல்களை இடுக்கி நசுக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் முதலியவை வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் பயன்பட்டதை அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. வரியும் போலீசும் ஒரே கையில் இருந்ததன் விளைவு அது.

ஒரே ஆண்டில் இரண்டு சட்டைகள்

நான்கு ஆண்டு கழித்து, 1859இல், சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம் வந்தது. வருவாய்த் துறையிலிருந்து போலீசைப் பிரித்துத் தனிப்படை ஆக்கினார்கள். தமிழ்நாடு அரசு 2025 முதல் செப்டம்பர் 6ஆம் நாளைக் காவலர் நாளாகக் கொண்டாடுவது இந்தச் சட்டத்தை நினைத்துத்தான். சம்பளம், பயிற்சி, படிநிலை, ஒரே மாதிரி உடை என்று இன்றைய போலீசின் அடித்தளம் அங்கே தொடங்குகிறது.

அதே 1859, ஜூலை 26. திருவிதாங்கூர் மன்னர், நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தார். நாற்பது ஆண்டுக்கும் மேலாக நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, சென்னை ஆளுநர் ட்ரெவெல்யனின் நெருக்குதலுக்குப் பிறகு வந்த அறிவிப்பு அது. அதிலும் ஒரு நிபந்தனை இருந்தது: உயர்சாதிப் பெண்கள் அணிவது போல அணியக் கூடாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாகாணத்தில் ஒரு கூட்டத்துக்கு எல்லோரும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும் என்று உடை தைக்கிறார்கள். பக்கத்துச் சமஸ்தானத்தில் ஒருவரைப் போல இன்னொருவர் தெரிந்துவிடக் கூடாது என்று உடைக்கு விதி எழுதுகிறார்கள். உடை என்பது இந்த மண்ணில் வெறும் துணியாக ஒருநாளும் இருந்ததில்லை.

காக்கி வந்தது வடமேற்கிலிருந்து. 1840களின் பிற்பகுதியில் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டென் தன் படைக்குப் புழுதி நிற உடை கொடுத்தார். 'காக்' என்ற பாரசீகச் சொல்லுக்குப் புழுதி, மண் என்று பொருள். பிறகு அது பட்டாளத்துக்கும் போலீசுக்கும் பரவியது. பரவாத இடமும் உண்டு. கொல்கத்தா போலீஸ் இன்றும் வெள்ளை உடையில் நிற்கிறது. புதுச்சேரிக் காவலர் தலையில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சிவப்புத் தொப்பி இன்னும் இருக்கிறது. நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அரைக்கால் சட்டைப் போலீசை நன்றாக நினைவிருக்கும்.

யாருக்குத் தைத்த சட்டை?

ஒரே மாதிரி உடை என்றார்களே, அதை எல்லோருக்கும் கொடுத்தார்களா? இல்லை. ஆதிக்கச் சாதியினரின் வீட்டுக்குள் நுழைய முடியாதவன், அவர்களைத் தொட்டுக் கைது செய்ய முடியாதவன் எப்படிப் போலீஸ் ஆவான் என்பதே அன்றைய வாதம். தீண்டாமையை ஒழிக்க வேண்டிய அரசு, தீண்டாமையையே காரணம் காட்டி வேலையை மறுத்தது.

இந்தக் கதவைத் தட்டியவர்கள் புரட்சியாளர் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும். 1930–31இல் இலண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாகப் போனவர்கள் இவர்கள் இருவர்தான். அரசுப் பணிகள் பற்றிய துணைக்குழுவின் அறிக்கையில், அவர்கள் விலக்கி வைக்கப்பட்டிருக்கும் போலீஸ் உட்பட எல்லாப் பணிகளையும் திறந்துவிட வேண்டும் என்ற பரிந்துரை இடம்பெற்றது. விலக்கி வைத்திருந்தார்கள் என்பதற்கு அந்த அறிக்கையே சாட்சி.

அந்தப் பயணத்தில் சீனிவாசன், தாம் பறையன், தீண்டப்படாதவன் என்று எழுதிய பட்டையைச் சட்டையில் அணிந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் முன் நின்றதாகச் சொல்லப்பட்டு வருகிறது. வில்லை போட்டவனெல்லாம் அதிகாரத்தைக் காட்ட அணிந்தான். சீனிவாசன் அதிகாரத்தின் வெட்கத்தைக் காட்ட அணிந்தார்.

இன்று தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடமுண்டு. 2009 முதல் அதில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. 1973இல் பெண்களும் காக்கி அணிந்தார்கள். எஸ்.பி.யின் தோளில் பிரிட்டிஷ் மகுடம் இருந்த இடத்தில் இப்போது சாரநாத்தின் சிங்கங்கள் நிற்கின்றன. புத்தர் முதன்முதலில் அறம் போதித்த ஊரின் தூண் அது. அதைச் சுமப்பவர்களுக்கு இது தெரிந்தால் நல்லது.

பெயர்ப்பட்டை

சட்டையில் நமக்கு மிக முக்கியமானது நட்சத்திரத்தை விடவும் பெயர்தான். 1992 ஜூன் 20, தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனக் கட்டைச் சோதனை என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் பழங்குடிக் கிராமத்துக்குள் புகுந்தன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். யார் செய்தது என்பதைப் பாதிக்கப்பட்டவர்களே அடையாள அணிவகுப்பில் முகம் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. 2011இல் தீர்ப்பு வந்தபோது குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்திருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டு ஆனது.

1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த வழிகாட்டுதல்களில் முதலாவது, கைது செய்யும் காவலர் தெளிவாகத் தெரியும்படி பெயரும் பதவியும் அணிந்திருக்க வேண்டும் என்பது. பிறகு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 41பி பிரிவாக நுழைந்தது. இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆம் பிரிவு. ஆனாலும் 2025 ஜூனில் மடப்புரத்தில் கோயில் காவலாளியான ஓர் இளைஞர், சீருடை அணியாத தனிப்படையினர் அடித்துச் செத்தார். சட்டை இல்லாத இடத்தில் பெயரும் இல்லை, பொறுப்பும் இல்லை.

நம் மாநிலத்துப் பெயர்ப்பட்டைக்கு இன்னொரு பெருமை உண்டு. அதில் முன்னெழுத்தும் பெயரும் மட்டும்தான் இருக்கும், சாதிப் பட்டம் இருக்காது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விடச் சொன்னதன் பலன் காவலரின் சட்டைப் பை மேலும் தெரிகிறது. மகாராட்டிரத்தின் பீட் மாவட்டப் போலீஸ், சாதியைக் காட்டும் குடும்பப் பெயரைப் பட்டையிலிருந்து எடுத்தது 2025இல்தான். பட்டையில் இல்லாத சாதி மனசில் இல்லை என்று நாம் சொல்லவில்லை. அது வேறு கட்டுரை.

எனவே அடுத்த முறை காக்கிச் சட்டை நம் தெருவுக்கு வரும்போது தலையைக் குனிய வேண்டாம், நிமிர்ந்து பாருங்கள். மார்பில் பெயர் இருக்கிறதா? கையில் மூன்று பட்டை என்றால் ஏட்டு. தோளில் இரண்டு நட்சத்திரமும் நாடாவும் என்றால் எஸ்.ஐ. மூன்றும் நாடாவும் என்றால் இன்ஸ்பெக்டர். மூன்று மட்டும் என்றால் டி.எஸ்.பி. பெயர், நாள், நேரம் மூன்றையும் குறித்து வையுங்கள். வன்கொடுமை வழக்கு என்றால், "டி.எஸ்.பி. எப்போ வருவாரு?" என்று மரியாதையாகவே கேளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத நம் அம்மாக்களும் நட்சத்திரத்தை எண்ணிவிடுகிறார்கள். நாடாவையும் பார்க்கச் சொல்லிக் கொடுப்போம்.