ஏழு வினாடிகளும் ஒரு விமானத்தின் வாலும்



2001-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் காலை, நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 587-ஆம் எண் விமானம் சாந்தோ டொமிங்கோ நகரை நோக்கிப் புறப்பட்டது. பயணிகளில் பெரும்பாலோர் டொமினிக்கன் நாட்டை வேராகக் கொண்டவர்கள். மூன்று நிமிடங்களுக்குள் அந்த ஏர்பஸ் ஏ300-600 பெல் ஹார்பர் என்னும் குடியிருப்பின்மேல் விழுந்தது. விமானத்திலிருந்த 260 பேரும் தரையிலிருந்த 5 பேரும் மரித்தனர். இரட்டைக் கோபுரங்கள் விழுந்து இரண்டே மாதங்கள் ஆகியிருந்தன. அந்தத் துயரில் தீயணைப்பு வீரர்கள் பலரை இழந்திருந்த பகுதி அது. இதுவும் பயங்கரவாதிகளின் செயலே என்று அநேகர் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் விமானத்தின் செங்குத்து வால், சிதைவுகளின் நடுவே அல்ல, ஜமைக்கா விரிகுடாவின் நீரில் ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தது. அப்படியானால் அது ஆகாயத்திலேயே கழன்றிருக்க வேண்டும். வெடிகுண்டின் தடயம் எதுவும் இல்லை.

அந்த வாலின் பின்விளிம்பில் அசைவதுதான் சுக்கான். படகின் சுக்கானைப் போல இதைக் கொண்டு விமானத்தைத் திருப்புவார்கள் என்று நீங்கள் எண்ணக்கூடும். அப்படியல்ல. பெரிய விமானங்களில், ஓர் எஞ்சின் நின்றுபோனாலோ, பக்கக் காற்றில் தரையிறங்கும்போதோதான் இதற்குப் பெரிய வேலை. மற்ற வேளைகளில் விமானியின் பாதங்கள் பெரும்பாலும் சும்மாயிருக்கும்.

அன்று முன்னே சென்ற ஜப்பானிய 747 விமானம் விட்டுச்சென்ற காற்றுச்சுழியில் 587 அகப்பட்டது. ஆபத்தான அளவு அல்ல. விமானத்தை ஓட்டிய துணை விமானி சுக்கான் மிதியை வலம், இடம், வலம், இடம், வலம் என்று கடைசிவரை அழுத்தினார். எல்லாம் சுமார் ஏழு வினாடிகளில். ஒவ்வொரு மிதிக்கும் விமானம் பக்கவாட்டில் சறுக்கிற்று. சறுக்கிய நிலையிலேயே எதிர்த்திசையில் மிதித்தபோது காற்றின் பாரமும் சுக்கானின் பாரமும் ஒன்றுகூடின. விதிகள் கோரிய அளவிற்கும் மேலாகத் தாங்கிய பின்னரே வால் முறிந்தது.

அப்படியானால் குற்றம் அவருடையது மட்டுமா? 2004-இல் வெளிவந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை அவருடைய தேவையற்ற, மிகையான மிதிகளையே காரணமாகக் கூறிற்று. எனினும் அவ்விமானத்தின் சுக்கான் அமைப்பையும், அந்நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தையும் உடன்காரணங்களாகச் சேர்த்தது. 250 நாட் வேகத்தில் சுமார் 3 சென்டிமீட்டர் மிதித்தாலே சுக்கான் தன் எல்லையைத் தொட்டுவிடும். பதறிய கால் அந்த அளவை எப்படி அறியும்? பயிற்சியோ, விமானம் சாயும்போது சுக்கானைப் பயன்படுத்தத் தூண்டியிருந்தது. 1997-இலேயே விமானத் தயாரிப்பாளர்கள் இதைக் குறித்துக் கடிதம் எழுதி எச்சரித்திருந்தார்கள். அதே துணை விமானி முன்னொருமுறை இவ்வாறு மிதித்ததை உடனிருந்த தலைமை விமானி கேட்டபோது, பயிற்சியில் கற்றபடியே செய்ததாக அவர் பதிலளித்திருந்தார். என் மனதை அதிகமாக வருத்துவது இந்தப் பதில்தான்.

இன்னொன்றும் உண்டு. குறிப்பிட்ட வேகத்திற்குக் கீழே எந்தக் கட்டுப்பாட்டையும் எப்படி இயக்கினாலும் விமானம் தாங்கும் என்று விமானிகள் பலர் நம்பியிருந்தார்கள். விதியோ, ஒருபக்கம் முழுதும் மிதித்து மீண்டும் நடுவுக்குக் கொண்டுவருவதை மட்டுமே கணக்கிட்டது. மாறிமாறி மிதிப்பதை அல்ல. புதிதாக வடிவமைக்கப்படும் பெரிய விமானங்கள் அத்தகைய எதிர்மிதியையும் தாங்க வேண்டும் என்ற விதியை அமெரிக்க அரசு வெளியிட்டது 2022 நவம்பரில். அந்தக் காலைக்கு 21 ஆண்டுகள் கழித்து.