கிறிஸ்து குடும்பப் பெயர் இல்லீங்க!

கூடப் படிக்கிற நண்பன் ஒருத்தன், இயேசுவோட குடும்பப் பெயர்தான் 'கிறிஸ்து'ன்னு நெனச்சிட்டிருந்தான். அது பட்டம்ங்க, கிரேக்கத்தில் 'அபிஷேகம் செய்யப்பட்டவர்'னு அர்த்தம். வீட்டில் கூப்பிட்டது யேசுவா. அன்றைய யூதர்களிடம் சர்வ சாதாரணமான பெயர். கிரேக்கத்தில் 'இயேசூஸ்' ஆகி, நம்மகிட்ட இயேசு ஆச்சு.

சரி, குடும்பம்? யாக்கோபு, யோசே, யூதா, சீமோன்னு நாலு சகோதரர்களை மாற்கு 6:3 பெயர் சொல்லுது. கூடப் பிறந்தவங்கன்னு புராட்டஸ்டண்டுகள் பலர் சொல்வாங்க. கத்தோலிக்கர்களைக் கேட்டா நெருங்கிய உறவினர்கள். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் மரபிலோ, யோசேப்பின் மூத்த தாரத்துப் பிள்ளைகள். இதில் யாக்கோபு கி.பி. 62-ல் கல்லெறி தண்டனைக்கு ஆளானதை யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸும் எழுதியிருக்கார்.

அதே வசனத்தில் சகோதரிகளும் வர்றாங்க. பெயர் மட்டும் இல்லை! ஊரே அறிஞ்ச பெண்கள்தான், ஆனா மாற்கு எழுதலை. தம்பிகள் யாருன்னு இவ்வளவு நூற்றாண்டா வாதம் பண்றோம். தங்கச்சிங்க பெயரைத் தேடினது எத்தனை பேர்?