வழக்கில் இல்லாத மனிசன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, அறையில் ஐந்து பேர் ஒரு லப்டொப்பைச் சுற்றி இருந்து ‘வாட்ச்மென்’ படம் பார்த்தோம். டேவ் கிப்பன்ஸ் ‘இணைந்து உருவாக்கி ஓவியம் வரைந்த’ சித்திரக்கதையைத் தழுவியது என்று எழுத்தோட்டத்தில் போட்டிருந்தார்கள். எங்களில் ஒருத்தன் கேட்டான்: “இணைந்து எண்டால், ஆரோட இணைந்து?”

அந்த மற்ற ஆளின் பெயர் படத்தில் எந்த இடத்திலும் இல்லை. அவர்தான் கதையை எழுதிய அலன் மூர். பெயரை ஆரும் மறைக்கவில்லை. அவரே வேண்டாம் என்று சொல்லி எடுப்பித்தார். தனக்கு வரவேண்டிய காசையும் கிப்பன்ஸுக்கே விட்டுக்கொடுத்தார். ஒரு மனிசன் காசும் வேண்டாம், பேரும் வேண்டாம் என்று சொல்லுற அளவுக்கு என்ன நடந்தது? தேடிப் பார்த்தோம். கதை கடைசியில் எங்கட வாசல்வரை வந்து நிண்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வாட்ச்மென் 1986, 87 இல் டிசி நிறுவனம் 12 இதழ்களாக வெளியிட்ட கொமிக்ஸ். நூல் அச்சில் இல்லாமல் போய்க் குறிப்பிட்ட காலம் கடந்தால் உரிமை மூருக்கும் கிப்பன்ஸுக்கும் திரும்பிவரும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் கொமிக்ஸ் அச்சில் நீடிப்பது அபூர்வம். ஆனாப்படியால் இரண்டு பேரும் நம்பிக் கையெழுத்து வைத்தார்கள். நூலோ நன்றாக விற்றது. டிசி அதை அச்சிட்டுக்கொண்டே இருந்தது, உரிமை திரும்பி வரவேயில்லை. ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தும் மீறப்படவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

பிறகு சினிமா. மூரும் கெவின் ஓ’நீலும் உருவாக்கிய ‘லீக் ஒஃப் எக்ஸ்ட்ரோர்டினரி ஜென்டில்மென்’ 2003 இல் படமானது. தங்களுடைய திரைக்கதையைத் திருடிவிட்டார்கள் என்று வேறு இருவர் ஃபொக்ஸ் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். மூரின் கொமிக்ஸே அந்தத் திருட்டை மூடுவதற்குத்தான் எழுதப்பட்டது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. மூர் மணிக்கணக்கில் இருந்து சாட்சியம் கொடுத்தார். கடைசியில் ஃபொக்ஸ் வழக்கை வெளியே சமரசம் பேசி முடித்தது. நிறுவனத்துக்கு அது கணக்கு. மூருக்கோ தான் நிரபராதி என்று சொல்லக் கிடைத்த ஒரே இடமும் பூட்டுப்பட்ட மாதிரி. இனி என் கதைகளை வைத்து எடுக்கிற படங்களில் பெயரும் வேண்டாம், காசும் வேண்டாம் என்ற முடிவுக்கு அவர் வந்தது இதற்குப் பிறகுதான்.

வாட்ச்மென் படத்துக்கும் வழக்கு வந்தது. தயாரிப்பாளர் லோரன்ஸ் கோர்டனுக்காக ஃபொக்ஸ் 1986 இலேயே பட உரிமையை வாங்கியிருந்தது. 1994 இல் செய்த உடன்படிக்கைப்படி அவர் படத்தை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம், ஆனால் ஃபொக்ஸ் போட்ட காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். படம் கைமாறிக் கைமாறி வோர்ணர் பிரதர்ஸிடம் போய்ச் சேர்ந்தது. 2008 பெப்ரவரியில் ஃபொக்ஸ் வழக்குப் போட்டது. டிசம்பர் 24 ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் நீதிபதி கேரி ஃபீஸ், ஃபொக்ஸுக்குப் படத்தில் உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். 2009 ஜனவரியில் இரண்டு நிறுவனங்களும் சமரசமாகின. மார்ச் 6 ஆம் திகதி படம் திரைக்கு வந்தது.

இந்த வழக்கில் மூர் ஒரு தரப்பே இல்லை. கோர்டன் காசு கட்டினாரா, எந்தப் பத்திரம் எப்போது கையெழுத்தானது என்றுதான் நீதிமன்றம் பார்த்தது. கதையை எழுதினவருக்கு இந்தப் படம் விருப்பமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய சட்டத் தேவையும் அங்கே இருக்கவில்லை.

மூர் கொஞ்சம் பிடிவாதக்காரர்தானே என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், கிப்பன்ஸ் அதே படத்துக்குச் சந்தோஷமாக ஒத்துழைத்தார். ஒரே கதையை உருவாக்கிய இரண்டு பேருக்கே இரண்டு மனசு. ஆனால் இது மூரோடு தொடங்கினதில்லை. ஜெரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் 1938 இல் சுப்பர்மானின் உரிமையை 130 டொலருக்கு எழுதிக் கொடுத்தவர்கள். பெரிய செலவில் சுப்பர்மான் படம் தயாராகிக்கொண்டிருந்த நேரம், வறுமையில் இருந்த அந்த இரண்டு பேருக்காகவும் மற்ற ஓவியர்கள் குரல் எழுப்பினார்கள். 1975 இல் வோர்ணர் ஆளுக்கு வருடம் 20,000 டொலர் தரவும் பெயரைத் திரும்பப் போடவும் ஒப்புக்கொண்டது. அதைச் சாதித்தது சட்டமில்லை, வெட்கம்.

இதெல்லாம் அமெரிக்கக் கதை, எங்களுக்கென்ன? எங்கட வீடுகளில் மாமா, சித்தப்பா ஆரையாவது பிடித்து இரும்புக்கை மாயாவி பற்றிக் கேட்டுப் பாருங்கோ. கண் மின்னும். 1972 இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கினதே அந்தக் கதையோடுதான். ஆனால் அதை எழுதினது ஆர், வரைந்தது ஆர் என்று கேளுங்கோ, பதில் வராது. மூலக்கதை 1962 இல் ‘வேலியன்ற்’ என்ற பிரித்தானிய வார இதழில் தொடங்கியது. முதலில் எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ. அந்தக் கால பிரித்தானிய கொமிக்ஸ் இதழ்கள் படைப்பாளிகளின் பெயரைப் போடுவதே அரிது. பெயர் தெரியாமலே நாங்கள் மூன்று தலைமுறையாக ரசித்திருக்கிறோம்.

எங்கட பக்கத்துச் சட்டம் இந்த விசயத்தில் அமெரிக்காவை விடக் கொஞ்சம் நல்லது. மன்னு பண்டாரி என்ற இந்தி எழுத்தாளர் ‘ஆப் கா பண்டி’ நாவலின் பட உரிமையை விற்றவர். படம் கதையைச் சிதைத்துவிட்டது என்று அவர் வழக்குப் போட, 1986 இல் தில்லி உயர் நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது: உரிமையை விற்றாலும், சிதைப்பை எதிர்க்கிற உரிமை எழுத்தாளரிடம்தான் இருக்கிறது. கடைசியில் இரு தரப்பும் உடன்பட்டு, அவர் பெயரும் நாவலின் பெயரும் இல்லாமல் படம் வெளியாக ஒப்புக்கொண்டார்கள். மூர் கோபத்தில் செய்ததை இவர் சட்டத்தால் செய்தார்.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் இது இருக்கிறது. தழுவல் செய்யிற உரிமை காசுக்குரிய உரிமை, அதை விற்கலாம். அதுக்குப் புறம்பாக, தன் பெயர் போடப்படவேண்டும் என்று கேட்பதும் தன் மதிப்பைக் கெடுக்கிற மாதிரி படைப்பை மாற்றுவதை எதிர்ப்பதும் படைப்பாளியின் தார்மீக உரிமைகள். ஆள் இறந்து 70 வருசம்வரை பாதுகாப்பு உண்டு. உதாரணத்துக்கு, ‘சிரித்திரன்’ சுந்தர் 1996 இல் காலமானவர். அவருடைய சவாரித் தம்பரை வைத்து நாளைக்கு ஆரும் அனிமேஷன் செய்ய நினைத்தால், 2066 முடியும்வரை கேட்கத்தான் வேண்டும்.

இப்ப எங்கட வாசலுக்கு வருவோம். போன வருசம் எங்கட குழு ஒரு குறும்படம் எடுத்தது. நூலகத்தில் பழைய சஞ்சிகை ஒன்றில் வாசித்த சிறுகதை. எழுதினவர் உயிரோடு இல்லை. பெயரை முதல் எழுத்தாகப் போட்டோம், அதோடு கடமை முடிந்தது என்று நினைத்தோம். கதையின் முடிவு எங்களுக்குச் சப்பென்று இருந்தது, மாற்றினோம். யூரியூப்பில் ஏற்றி மூன்றாம் கிழமை ஒரு கொமென்ட் வந்தது: “அப்பாவின்ர பேரைப் போட்டதுக்கு நன்றி பிள்ளையள். ஒருக்கால் கேட்டிருக்கலாம். அந்தக் கிழவி கடைசியில வீட்டை விட்டுப் போகமாட்டா. அப்பா அப்பிடி எழுதேல்லை.”

நாங்கள் அதுக்கு ஒரு இதயத்தைப் போட்டுவிட்டுக் கடந்து போனோம். அலன் மூருக்காக இரவிரவாக வாதாடின அதே ஐந்து பேர்தான்.

காசில்லாத படம், ஆருக்கு நட்டம் என்று எங்களில் ஒருத்தி இன்னும் சொல்லுறாள். மாற்றாமல் எடுக்கிறதெண்டால் ஏன் படம் எடுக்கவேணும் என்பது இன்னொருத்தனின் கேள்வி. இரண்டாவது கேள்வி நியாயமானது, தழுவல் என்றாலே மாற்றம்தான். ஆனால் எங்கட சிக்கல் மாற்றினதில் மட்டும் இல்லை. கேட்காமல் மாற்றிவிட்டு, அந்த முடிவுக்கு மேலே அவருடைய பெயரை ஒட்டினதில் இருக்கிறது. நன்றிக்கடன் என்று நினைத்து, அவர் எழுதாத ஒன்றுக்கு அவரைப் பொறுப்பாக்கிவிட்டோம்.

படத்தை இப்போதைக்கு யூரியூப்பில் மறைத்து வைத்திருக்கிறோம். அந்த அக்காவுக்கு எழுதி, மன்னிப்பும் அனுமதியும் கேட்டோம். முடிவை ஏன் மாற்றினோம் என்றும் சொன்னோம். பதில் வந்தது: “கிழமைக் கடைசியில வீட்டை வாங்கோ. அப்பாவின்ர கையெழுத்துப் பிரதி கிடக்கு, முதல் அதை வாசியுங்கோ.”

வாற ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.