குமாரசுவாமி யாருடைய பெயர்? தந்தையின் பெயர் குடும்பப் பெயரான கதை

நோர்வேயில் தஞ்சம் கேட்ட அன்று எம்மிடம் தந்த படிவத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று முதற்பெயருக்கு, மற்றது குடும்பப் பெயருக்கு. பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிப் பழகிய வரிசைப்படி அப்பாவின் பெயரை முன்னாலும் எமது பெயரைப் பின்னாலும் எழுதிக் கொடுத்தோம். அன்றிலிருந்து இந்த நாட்டில் எமது முதற்பெயர் அப்பாவின் பெயர்தான். இங்கே மேலதிகாரி முதல் வங்கி ஊழியர் வரை எல்லோரும் முதற்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அம்மா தன் வாயால் ஒருநாளும் சொல்லாத பெயரைச் சொல்லி வேலையிடமே எம்மைக் கூப்பிட்டது. எமது சொந்தப் பெயர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயராகிவிட்டது.

இது எமக்கு மட்டும் நடந்ததல்ல. கணக்காளர் என்பதால் எம்மவரின் வரிப் படிவங்களும் ஓய்வூதியக் கடிதங்களும் எமது மேசைக்கு வருகின்றன. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு குடும்பப் பெயர், தம்பிக்கு இன்னொன்று, தாய்க்கு மூன்றாவது ஒன்று. அண்ணன் படிவத்தை ஒரு விதமாக நிரப்பினார், தம்பி வேறு விதமாக நிரப்பினார், தாய் ஸ்பொன்சரில் பின்னால் வந்தார். அவ்வளவுதான் காரணம். பிள்ளைகள் வளர்ந்து "எங்கட குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கும்போது பல வீடுகளில் சரியான பதில் இல்லை. அந்தப் பதிலை நாம் எல்லோரும் அறிந்த ஒரு பெயரை வைத்து இங்கே பார்ப்போம். அந்தப் பெயர் ஆனந்த குமாரசுவாமி.

பெயரின் பொருள்

ஆனந்த என்பது வடமொழிச் சொல். பேரின்பம் என்று பொருள். புத்தரின் அணுக்கச் சீடரின் பெயரும் ஆனந்தர் என்பதால் சிங்களவரிடையேயும் அது பரவலாக உண்டு. சைவருக்கோ அது தில்லைக் கூத்தனின் ஆனந்த தாண்டவத்தை நினைவூட்டும். ஆக, இலங்கையில் இரு இனத்தவரும் தமதென்று சொல்லக்கூடிய பெயர் இது.

குமாரசுவாமி என்பது குமாரன், சுவாமி என்ற இரு சொற்கள் சேர்ந்தது. குமாரன் என்றால் மகன், இளைஞன். சுவாமி என்றால் தலைவன், உடையவன். சிவனின் மைந்தனான முருகனையே அது குறிக்கும். கந்தையா, முருகேசு, வேலுப்பிள்ளை, ஆறுமுகம், சண்முகம், கார்த்திகேசு, சுப்பிரமணியம் என்று எம் அப்பாமாரும் அப்பப்பாமாரும் வைத்திருந்த பெயர்களில் எத்தனையோ இந்த ஒரு தெய்வத்துக்கே உரியவை. தில்லையும் அப்படித்தான். பொன்னம்பலம், கனகசபை, சிதம்பரம், தில்லையம்பலம், சபாபதி, நடராசா எல்லாம் ஒரே கோயிலில் இருந்து வந்த பெயர்கள். பொன்னம்பலம் தமிழ், கனகசபை வடமொழி, பொருள் ஒன்றுதான்.

ஆங்கில எழுத்தில் வரும்போதுதான் சிக்கல். பழைய காலத்தில் 'கு' என்ற ஒலிக்கு 'சி' போட்டு இரண்டு 'ஓ' எழுதினார்கள். பிறகு வந்தவர்கள் 'கே' போட்டு 'யு' எழுதினார்கள். சிலர் சுவாமி என்றும் சிலர் சாமி என்றும் முடித்தார்கள். இதனால் ஒரே பெயர் கணினியில் நான்கு பெயராகிறது. அகர வரிசையில் ஒன்று 'சி'யிலும் மற்றது 'கே'யிலும் நிற்கிறது.

ஒரே குடும்பம், இரண்டு வரிசை

1835இல் இலங்கைச் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தவர் குமாரசுவாமி முதலியார். இங்கே குமாரசுவாமி என்பது அவருடைய சொந்தப் பெயர். முதலியார் என்பது அரசு கொடுத்த பதவிப் பட்டம். அவருடைய மகன் முத்து குமாரசுவாமி (1834–1879). இதில் முத்து மகனின் பெயர், குமாரசுவாமி தந்தையின் பெயர். இங்கிலாந்தில் பாரிஸ்டரான இவர் 1874இல் சேர் பட்டம் பெற்றார். கென்ட் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் பீபி என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். அவர்களின் மகன்தான் 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமி. நடுவில் உள்ள கென்டிஷ் தாயின் ஊரைச் சொல்கிறது.

எமது வழக்கப்படி பார்த்தால் அவர் 'முத்து ஆனந்தன்' அல்லது 'மு. ஆனந்தன்' என்று இருந்திருக்க வேண்டும். தந்தை இறக்கும்போது பிள்ளைக்கு இரண்டு வயதும் ஆகவில்லை. அவர் வளர்ந்தது தாயோடு இங்கிலாந்தில். அந்த நாட்டு முறைப்படி அப்பப்பாவின் பெயர் பேரனுக்குக் குடும்பப் பெயராக நிலைத்தது. பின்னர் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றி உலகப் புகழ் பெற்றதும் அந்தப் பெயரிலேயே. அவருடைய மகன் ராமாவும் குமாரசுவாமியாகவே வாழ்ந்தார். ஒரு மனிதரின் சொந்தப் பெயர் மூன்றே தலைமுறையில் ஒரு வம்சத்தின் பெயராகிய கதை இது.

இதே குடும்பத்தின் மற்றக் கிளையைப் பாருங்கள். முத்து குமாரசுவாமியின் சகோதரியின் பிள்ளைகள்தான் பொன்னம்பலம் இராமநாதனும் பொன்னம்பலம் அருணாசலமும். இவர்களுக்குத் தந்தையின் பெயர் முன்னால் நிற்கிறது. தந்தை பொன்னம்பலம், அவருடைய தந்தை அருணாசலம். பேரனுக்கு மீண்டும் அருணாசலம். அவருடைய மகன் அருணாசலம் மகாதேவா. அருணாசலம், பொன்னம்பலம், அருணாசலம், மகாதேவா என்று தலைமுறைக்குத் தலைமுறை பெயர் நகர்ந்துகொண்டே போகிறது. எந்தப் பெயரும் நிலையான குடும்பப் பெயர் ஆகவில்லை. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் என்பது பொருள். இராமநாதனுக்குச் சேர் பட்டம் கிடைத்ததும் ஆங்கில மரபின்படி 'சேர் பொன்னம்பலம்' என்று அழைத்தால் மரியாதை தகப்பனுக்கே போயிருக்கும். எம்மவர் 'சேர் பொன். இராமநாதன்' என்று எழுதிச் சமாளித்தார்கள்.

அயலவரின் பெயரும் அப்பாவின் பெயர்தான்

குடும்பப் பெயர் இல்லாதது எமது குறை என்று சிலர் கூச்சப்படுவதுண்டு. கூச்சப்படத் தேவையில்லை. நோர்வேயில் அதிகம் காணப்படும் குடும்பப் பெயர் ஹான்சென். 'சென்' என்றால் மகன், ஹான்சென் என்றால் ஹான்ஸின் மகன். முன்பு இங்கேயும் தலைமுறைக்குத் தலைமுறை அந்தப் பெயர் மாறியது. மகளுக்கு 'டாட்டர்' என்று முடிந்தது. பரம்பரைக் குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கியது 1923இல் வந்த சட்டம். டென்மார்க்கில் அதற்கான அரச ஆணை 1828இல் வந்தது. அதனால்தான் இன்று ஒரு பெண்ணும் 'ஹான்ஸின் மகன்' என்ற பெயரோடு எமது பக்கத்து வீட்டில் இருக்கிறார். நோர்வேயில் 2002இல் இயற்றப்பட்ட சட்டம் பழைய முறைக்கும் இடம் தருகிறது. தாய் அல்லது தந்தையின் முதற்பெயரோடு மகன், மகள் என்ற ஈற்றைச் சேர்த்துக் குடும்பப் பெயராக வைக்கலாம்.

ஐஸ்லாந்து அந்த முறையைக் கைவிடவே இல்லை. 1980 முதல் 1996 வரை அங்கே சனாதிபதியாக இருந்த விக்டிஸ் ஃபின்போகாதோத்திர், ஃபின்போகியின் மகள் விக்டிஸ். மலேசியத் தமிழரின் அடையாள அட்டையில் 'அ/லெ', 'அ/பெ' என்று பொருள்படும் மலாய்க் குறிகள் நடுவில் நின்று இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று சொல்கின்றன. எது யாருடைய பெயர் என்ற குழப்பம் அங்கே இல்லை.

எமது பெண்களின் பெயரில் இன்னொரு மாற்றமும் உண்டு. கலியாணத்துக்கு முன் தந்தையின் முதலெழுத்து, பின் கணவரின் முதலெழுத்து என்பது ஊர் வழக்கம். இங்கே அது கணவரின் சொந்தப் பெயரே மனைவிக்குக் குடும்பப் பெயராவதில் முடிந்தது. மனைவியின் தந்தையின் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லாமல் போனது.

இப்போது செய்யக்கூடியவை

கணக்காளராக நாம் சொல்லக்கூடியது இதுதான். பெயர் வேறுபாடு சாதாரண நாளில் தெரியாது. ஒருவர் இறந்த பின், ஊரில் காணி விற்கும்போது, ஓய்வூதியம் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

முதலாவது, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, பழைய இலங்கைக் கடவுச்சீட்டு, இன்றைய கடவுச்சீட்டு, காணி உறுதி ஆகிய ஐந்திலும் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் தனியாகவும் தந்தையின் பெயர் வேறு கூட்டிலும் இருக்கும் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது, வேறுபாடு இருந்தால் இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். ஊரில் உறுதி எழுதும்போது இரண்டு வடிவங்களையும் சேர்த்து எழுதும்படி நொத்தாரிசிடம் கேளுங்கள். உங்களை அறிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்வது நல்லது.

மூன்றாவது, பேரப்பிள்ளைக்குப் பெயர் பதியும்போது எந்தப் பெயர் இனி நிலைக்கப் போகிறது என்று வீட்டில் இருந்து பேசுங்கள். ஆங்கில எழுத்தில் ஒரே எழுத்துக்கூட்டலை எல்லோரும் பின்பற்றுங்கள். விடுபட்ட பெயரை நடுப்பெயராகச் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தாய்வழிப் பாட்டனின் பெயரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் "பேர் சொல்ல ஒரு பிள்ளை வேணும்" என்பார்கள். எமது அப்பாவின் பெயர் இங்கே பிழையான கட்டத்தில் இருந்தபடி முப்பது வருடமாக ஒவ்வொரு நாளும் சொல்லப்படுகிறது. குடியுரிமை கிடைத்தபோது திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. அது எப்படி அங்கே வந்தது, எது எமது பெயர், எது அவருடைய பெயர் என்பதை மட்டும் தமிழிலும் நொஷ்கிலும் எழுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் உள்ள கோவைக்குள் வைத்திருக்கிறோம்.